பொண்ணு மியூசிக்கல் ஆடிஷனுக்கு போறா, வீட்ல என்ன சொல்லிக் கொடுக்கிறது?

கேள்வி: அக்கா, நாங்க நியூ ஜெர்சில எடிசன் பக்கம் இருக்கோம். பொண்ணுக்கு 10 வயசு. மூணு வருஷமா கர்நாடக சங்கீதம், ரெண்டு வருஷமா பரதம் கத்துக்கறா. பக்கத்து ஊர்ல பசங்களுக்கான தியேட்டர் குரூப் ஒண்ணு அநாதை இல்லத்துப் பொண்ணு ஒருத்தி கதையான 'ஆனி' மியூசிக்கலோட (பாட்டு நாடகம்) ஜூனியர் வெர்ஷன் போடறாங்க, அதுல ஆனியாவேதான் நடிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ஆடிஷனுக்கு அஞ்சு வாரம் இருக்கு. நானே வீடியோ பாத்து பாட்டு, கை அசைவு எல்லாம் சொல்லிக் கொடுத்து தினம் இருபது தடவை கரோக்கே போட்டு பாட வைக்கிறேன். இப்படி கத்தி பாடினா சங்கீதக் குரல் போயிடும்னு என் மாமியார் சொல்றாங்க. செம்பட்டை முடி வெள்ளைக்கார பொண்ணு வேஷத்துக்கு நம்ம பிள்ளைய எடுப்பாங்களான்னு வேற யோசனையா இருக்கு. கிடைக்கலைன்னா அவ எப்படி தாங்குவான்னு பயம். என்ன பண்ணணும்னு சொல்லுங்க.

பதில்: முதல்ல அந்த இருபது தடவையை நிறுத்திடுங்கம்மா. கோவமா சொல்லலை. ஆடிஷன் ரூம்ல பியானோ முன்னாடி உக்காந்து வர்ற பசங்களுக்கெல்லாம் வாசிக்கறது பல வருஷமா என் வேலை, மத்த நாள்ல பசங்களுக்கு குரல் பயிற்சி கொடுக்கறேன், அதனால அந்த ரூம்ல என்ன நடக்குதோ அதை பாத்துப் பாத்து தெரிஞ்சுகிட்டதைத்தான் சொல்றேன்.

இந்த வரிக்கு இந்த கை, அந்த வரிக்கு அந்த சிரிப்புன்னு மனப்பாடம் பண்ணிட்டு வர்ற குழந்தைய முதல் வரியிலயே கண்டுபிடிச்சிடலாம். நல்லாத்தான் பாடும். பாடி முடிச்சதும் டைரக்டர், "ரொம்ப நல்லா இருந்துச்சு, இப்ப பக்கத்துல உன் தம்பி தூங்கறான், அவன் எழுந்துடக் கூடாது, அந்த மாதிரி இன்னொரு தடவை பாடு பாப்போம்"னு கேப்பார். அங்கதான் மாட்டிக்கும். திரும்பவும் அதே கை, அதே சிரிப்பு, அதே சத்தம். குழந்தை பயந்து போயெல்லாம் அப்படி பண்றதில்ல, அதுக்கு வேற மாதிரி பாடத் தெரியாது, அவ்வளவுதான், வீட்ல யாரும் வேற மாதிரி பாட விட்டதே இல்ல. டைரக்டர் பாக்கறதே அந்த ரெண்டாவது தடவையைத்தான். ஏன்னா அடுத்த சில மாசம் ரிஹர்சல்ல அவர் பண்ணப் போறது அதுதான், நேத்து இந்தப் பக்கம் நின்னியா இன்னைக்கு அந்தப் பக்கம் நில்லு, அழுதுட்டு சொன்ன வசனத்தை கோவமா சொல்லுன்னு தினம் மாத்திக்கிட்டே இருப்பார். குரல் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் சொன்னதும் மாத்திப் பாக்கற குழந்தைய எடுத்துட்டு, அருமையா பாடி ஆனா மாத்தவே முடியாத குழந்தைய விட்டதை நான் நிறைய தடவை பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

நம்ம பாட்டு கிளாஸ் பசங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கஷ்டம், காரணம் இருக்கு. டீச்சர் சொல்லிக் கொடுத்த சங்கதி மாறாம அப்படியே திருப்பிப் பாடறதுதான் அங்க ஒழுங்கு, பாடாந்தரம் மாறக் கூடாது, பத்து வயசுல அப்படித்தான் கத்துக்கணும். அதே குழந்தைகிட்ட போய் வேற மாதிரி பாடுன்னா, முதல் தடவை தப்பா பாடிட்டோம் போலன்னு நினைச்சுக்கும், முகம் சுருங்கிடும். அதனால உங்க பொண்ணுகிட்ட இப்பவே சொல்லி வைங்க, மாத்திப் பாட சொன்னாங்கன்னா உன்னை பிடிச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் கேக்கணும்னு ஆசைப்படறாங்கன்னு அர்த்தம். இது சமாதானத்துக்கு சொல்ற வார்த்தை இல்ல. பிடிக்காத குழந்தைகிட்ட அந்த நேரத்தை செலவு பண்ண மாட்டாங்க, வெளிய இன்னும் நாப்பது பேர் நிக்கறாங்க.

அஞ்சு வாரத்துல முதல் ரெண்டு வாரம் பாட்டு நல்லா பதியட்டும். வார்த்தை, ஸ்வரம், எங்க மூச்சு எடுக்கணும், இவ்வளவு போதும், கை அசைவு ஒண்ணு கூட வேண்டாம். மூணாவது வாரத்துல இருந்து தினம் ரெண்டு மூணு தடவைதான் பாடணும், ஆனா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி. லைப்ரரில ஃப்ரெண்டு காதுல ரகசியம் சொல்ற மாதிரி ஒரு நாள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கற ஆளுக்கு கேக்கற மாதிரி ஒரு நாள், அழுகைய அடக்கிக்கிட்டு ஒரு நாள், இப்பதான் நல்ல சேதி வந்த மாதிரி ஒரு நாள். நீங்க பண்ண வேண்டியது கேள்வி கேக்கறது மட்டும்தான். யார்கிட்ட பாடற, அவங்ககிட்ட உனக்கு என்ன வேணும், தர மாட்டேன்னா என்ன பண்ணுவ. தயவுசெஞ்சு நீங்க நடிச்சு காட்டாதீங்க. நீங்க காட்டினா அவ உங்களை மாதிரி பண்ணுவா, பேனல் முன்னாடி, அதாவது தேர்வு பண்றவங்க முன்னாடி, பத்து வயசு குழந்தை உடம்புல ஒரு அம்மாவோட முகபாவம் தெரியும், எனக்கு பியானோல இருந்தே தெரியும், எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு தெரியாதா.

அடுத்தது பாட்டு. நோட்டீஸை இன்னொரு தடவை நிதானமா படிங்க. சில குரூப் அந்த நாடகத்துல இருந்தே பாட சொல்வாங்க, சில குரூப் அதுல இருந்து பாடவே கூடாதும்பாங்க, இதை கவனிக்காம வர்றவங்க ஒவ்வொரு சீசனும் இருக்காங்க. எதுவும் சொல்லலைன்னா ஆனியோட அந்த பெரிய பாட்டு 'டுமாரோ'வை எடுக்காதீங்க. அன்னைக்கு வர்றதுல பாதி பேர் அதைத்தான் பாடப் போறாங்க, முப்பது பேர் பாடிக் கேட்ட பாட்டுல உங்க பொண்ணு தனியா தெரியணும்னா மலை ஏறற வேலை, அதோட கடைசில வர்ற அந்த உச்ச இடத்துக்கு எல்லாரும் தொண்டைய இறுக்கிக்கிட்டு கத்துவாங்க. வேற மியூசிக்கல்ல குழந்தை பாத்திரம் பாடற பாட்டா பாருங்க. அந்தப் பாத்திரத்துக்கு ஏதாவது வேணும்னு ஆசை இருக்கணும், பாட்டு ஒரு ஸ்தாயியத் தாண்டி கொஞ்சம் போனா போதும், காதல் தோல்வி பாட்டு பத்து வயசுக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு நல்லா பாடினாலும் கேக்கறவங்களுக்கு சங்கடமா இருக்கும்.

நோட்டீஸ்ல பாட்டு 16 பார்னு போட்டிருப்பாங்க, பார்னா தாளத்தோட ஒரு சின்ன கட்டம், அதை பாத்து நிறைய அம்மாக்கள் குழம்பறாங்க. உங்க வீட்டு கணக்குல சொல்றேன். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கைன்னா 16 பார் 64 எண்ணிக்கை, அதாவது ஆதி தாளத்துல எட்டு ஆவர்த்தனம். நடுத்தர வேகத்துல அரை நிமிஷம்தான் வரும், மெதுவான பாட்டுன்னா முக்கா நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்குள்ள அவ யாருன்னு தெரியணும், அதனால பாட்டோட ஆரம்பத்துல இருந்து எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, நல்லா திரும்பற இடத்துல ஆரம்பிச்சு நல்லா முடியற இடத்துல நிறுத்துங்க.

இப்ப என் பக்கத்து விஷயம், இதுல கொஞ்சம் நீளமாவே பேசப் போறேன், ஏன்னா யாரும் சொல்லித் தர்றதில்ல. ஆடிஷன்ல பியானோ இருந்தா கரோக்கே பழக்கம் கை விட்டுடும். பல கரோக்கே டிராக்ல மெல்லிசா பாட்டோட ட்யூன் கூடவே வந்துகிட்டு இருக்கும், டிரம்ஸ் எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லும். பியானோல அதெல்லாம் இருக்காது, நான் ரெண்டு பார் வாசிப்பேன் இல்லைன்னா ஒரே ஒரு நோட் கொடுப்பேன், அவ ஆரம்பிக்கணும். தம்புரா சத்தம் பின்னாடி ஓடிக்கிட்டே இருந்து பழகின குழந்தைக்கு, ஒரு நோட்டை கேட்டு அதை மனசுல பிடிச்சுகிட்டு பாடறது புதுசா இருக்கும். பியானோ தெரிஞ்ச யாராவது பக்கத்துல இருந்தா, ஸ்கூல் மியூசிக் டீச்சரா இருந்தாலும் சரி, ரெண்டு தடவையாவது நேர்ல வாசிக்க வச்சு பாட விடுங்க, ஒரு முழு மாச வாய்ஸ் கோச்சிங் ஃபீஸை விட அந்த ரெண்டு தடவை உபயோகமா இருக்கும்.

சுருதி விஷயத்துலயும் ஜாக்கிரதை. நம்ம பாட்டுல பாடறவங்க வசதிக்கு சுருதி, அஞ்சரை கட்டைன்னா அஞ்சரைல எல்லா கீர்த்தனையும் பாடிடலாம். இங்க பாட்டு எந்த கீல, அதாவது எந்த சுருதில, அச்சடிச்சிருக்கோ அதுலதான் வாசிப்பாங்க. அஞ்சு கட்டைன்னா ஜி, அஞ்சரைன்னா ஜி ஷார்ப், ஆறுன்னா ஏ, அதெல்லாம் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், ஆனா இந்தப் பாட்டோட கீயும் அவளோட சுருதியும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, மேல எங்க வரைக்கும் கஷ்டமில்லாம போகுது கீழ எங்க வரைக்கும் சத்தம் வருதுன்னு பாத்துதான் கீய முடிவு பண்ணணும். ஷீட் மியூசிக் விக்கற பல சைட்ல பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே கீ மாத்திக்கலாம். வீட்டுலயே மாத்தி கொண்டு வாங்க, அங்க வந்து ரெண்டு நோட் இறக்கி வாசிங்கன்னு கேக்காதீங்க, பாத்த உடனே மாத்தி வாசிக்கறதுல நான் எங்கயாவது தடுமாறினா நஷ்டம் குழந்தைக்குத்தான்.

பேப்பரை தனித்தனியா கொண்டு வந்தா பறக்கும். மூணு வளையம் வச்ச பைண்டர்ல, ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து மாட்டுங்க, பளபளக்கற பிளாஸ்டிக் கவர் வேண்டாம், லைட் பட்டா நோட்ஸே தெரியாது. ஜெராக்ஸ் எடுக்கும்போது அடில இடது கை வாசிக்கற வரி வெட்டுப்படாம இருக்கான்னு பாருங்க, எனக்கு வர்ற பேப்பர்ல இந்தத் தப்புதான் அதிகம். ஆரம்பிக்கற இடத்தையும் முடிக்கற இடத்தையும் பென்சில்ல பெருசா குறிச்சிடுங்க. உள்ள போனதும் அவ என்கிட்ட வந்து இங்க ஆரம்பம், இங்க முடிவு, வேகம் இதுன்னு சொல்லணும். வேகத்தை சொல்ல ரெண்டு வரி மெதுவா முணுமுணுத்து காட்டினா போதும், விரல் சொடுக்கி காட்டக் கூடாது, அது மரியாதை இல்ல. இந்த அரை நிமிஷ பேச்சை வீட்ல உங்களை பியானோக்காரரா உக்கார வச்சு பழக்குங்க. பாடறதுக்கு முன்னாடியே ஒரு குழந்தை பெரியவங்ககிட்ட தெளிவா பேசுதான்னு பேனல் அந்தப் பக்கம் இருந்து கவனிச்சுகிட்டுத்தான் இருக்கு.

சங்கீதம் கத்துக்கற பசங்ககிட்ட நான் பாத்த சில பழக்கங்களையும் சொல்லிடறேன். மூணு வருஷமா சம்மணம் போட்டு உக்காந்தே பாடியிருப்பா, நின்னு பாட சொன்னா காலை என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு கால்ல சாய்வாங்க. வலது கை தானா தொடைல தாளம் போடும், தெரியாமலே போடும், அதை திட்டாதீங்க, கைல ஒரு பந்து கொடுத்து பாட விட்டா ஒரு வாரத்துல போயிடும். ஸ்வரத்துல இருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போற கமகம் இங்க வேண்டாம், நோட்ல நேரா போய் நிக்கணும், அதை விட முக்கியம் ஒவ்வொரு வார்த்தையோட கடைசி எழுத்தும் கேக்கணும். இங்க பாட்டுங்கறது பேச்சு, வார்த்தை புரியலைன்னா கதையே புரியாது. அதுக்கு ஒரு நல்ல வழி, பாட்டை ட்யூன் இல்லாம வசனமா தினம் ஒரு தடவை பேசிப் பாக்கறது. இன்னொரு பக்கம் பாத்தா அவகிட்ட இருக்கற பலம் எவ்வளவு பேருக்கு இருக்கு சொல்லுங்க, கேட்ட உடனே ட்யூனை பிடிக்கற காது, சுருதி சேர்றது, மூச்சு. கால்பேக்ல, அதாவது பிடிச்சவங்களை மறுபடி கூப்பிட்டு பாக்கறப்ப, புதுசா ஒரு பாட்டை பத்து நிமிஷத்துல சொல்லிக் கொடுத்து பாட சொல்வாங்க, அங்க இந்தப் பசங்க முன்னாடி நிப்பாங்க.

உங்க மாமியார் சொல்றதுல பாதி சரி. ரெண்டு விதமா பாடினா ஒண்ணு கெட்டுடும்ங்கறது என் அனுபவத்துல இல்ல, வீட்ல தமிழும் ஸ்கூல்ல இங்கிலீஷும் பேசற குழந்தை ரெண்டையும் குழப்பிக்கறாளா. ஆனா கத்தினா கெடும், அது எந்தப் பாட்டா இருந்தாலும் கெடும். மேல போகும்போது தாடைய தூக்கிக்கிட்டு கழுத்து நரம்பு தெரிய தள்ளி பாடறதை பெல்ட்டிங், அதாவது மேடைல பலமா ஓங்கி பாடற முறைன்னு நினைச்சுக்கறாங்க, அது வெறும் கத்தல், தொடர்ந்து அப்படி பண்ற பசங்களுக்கு குரல் நாண்ல சின்னச் சின்ன தடிப்பு வரலாம். தினம் இருபது தடவை கரோக்கேக்கு மேல கேக்கணும்னு பாடறதை நிறுத்த சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். பாடி முடிச்சப்புறம் பேச்சு கரகரன்னு இருந்தா அன்னைக்கு அதோட விட்டுடுங்க, ரெண்டு மூணு வாரமாகியும் கரகரப்பு போகலைன்னா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. ஜூனியர் வெர்ஷன்ல ஒரு நல்லது என்னன்னா, மொத்த நாடகமே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்தான், பசங்க குரலுக்கு ஏத்த மாதிரி பாட்டோட கீயையும் மாத்தி வச்சிருப்பாங்க, பாட்டியம்மாகிட்ட இதை சொன்னா கொஞ்சம் நிம்மதியா இருப்பாங்க.

டான்ஸை பத்தி அதிகம் கவலைப்பட வேண்டாம். எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சு ஒரு சின்ன பீஸ் சொல்லிக் கொடுப்பாங்க, 5 6 7 8னு எண்ணி ஆரம்பிப்பாங்க, எட்டு எட்டாதான் போகும், ஆதி தாளம் தெரிஞ்ச கால் அதுல தப்பாது. பரதம் ஆடறவங்க காலை அழுத்தி தட்டுவாங்க, முட்டி தானா வெளிய மடங்கும், இங்க லேசா குதிக்கணும், அது ஒண்ணை மட்டும் சொல்லி வைங்க. ஸ்டெப் மறந்தா நிக்காம பக்கத்துல இருக்கறவங்களோட சேந்து ஏதாவது ஆடிக்கிட்டே இருக்கணும். வசனம் படிக்க கொடுப்பாங்க, அதுக்கு தினம் பத்து நிமிஷம் கதை புக்கை சத்தமா படிச்சா போதும், பேப்பர் முகத்தை மறைக்காம நெஞ்சு உயரத்துல இருக்கணும். டிரெஸ் சாதாரணமா, ஒரே கலர்ல, குனிஞ்சு நிமிர வசதியா இருக்கட்டும். செம்பட்டை விக், ஆனி கவுன் எல்லாம் போட்டு கூட்டிட்டு போகாதீங்க. ஸ்டூடியோல போய் காசு கொடுத்து ஹெட்ஷாட் எடுக்கவும் வேண்டாம், ஜன்னல் பக்கத்துல நிக்க வச்சு போன்ல எடுத்த படமே இந்த மாதிரி குரூப்புக்கு போதும்.

செம்பட்டை முடி விஷயத்துக்கு வருவோம், நீங்க ரொம்ப தயங்கி எழுதியிருந்தீங்க. 2014ல வந்த படத்துல ஆனியா நடிச்சது க்வெஞ்சனே வாலிஸ், 2021ல டிவில லைவா போட்டப்ப செலீனா ஸ்மித், ரெண்டு பேரும் கருப்பின பொண்ணுங்க. அந்தப் பாத்திரத்துக்கு வேணும்னு டைரக்டர்கள் தேடறது ஆசையை விடாத ஒரு முரட்டுப் பிள்ளையை. எல்லா ஊர்லயும் எல்லாரும் திறந்த மனசோட இருப்பாங்கன்னு நான் உறுதி கொடுக்க முடியாது, அந்த குரூப் இதுக்கு முன்னாடி போட்ட நாடகங்களோட படங்களை பாருங்க, மேடைல எந்தெந்த பசங்க நடுவுல நிக்கறாங்கன்னு பாத்தாலே புரிஞ்சிடும். அப்புறம் அவ பேரு. பேனல் முன்னாடி தன் பேரை முழுசா, நிதானமா, நாம வீட்ல கூப்பிடற உச்சரிப்புலயே சொல்ல பழக்குங்க. அவங்களுக்கு சுலபமா இருக்கட்டும்னு பாதியா வெட்டி சொல்ற பசங்களை பாக்கறப்ப எனக்கு தொண்டைய அடைக்கும். ஒரு தடவை மெதுவா சொன்னா அவங்க கத்துப்பாங்க.

ஆடிஷன் ஃபார்ம்ல ரெண்டு இடம் முக்கியம். வர முடியாத நாள் எதெல்லாம்னு கேப்பாங்க, டான்ஸ் ஸ்கூல் ஆண்டு விழா, தமிழ் பள்ளி விழா, இந்தியா டிக்கெட், எல்லாத்தையும் ஒளிக்காம எழுதுங்க. முக்கியமா நாடகத்துக்கு முந்தின வாரம், டெக் வீக்னு சொல்வாங்க, அதுல லீவே கிடையாது. வேஷம் கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு மறைச்சு வச்சு, கடைசில குழந்தைய நாடகத்துல இருந்து விலக்க வேண்டியதா போன குடும்பங்களை தெரியும். இன்னொண்ணு, வேற வேஷம் கொடுத்தா ஏத்துப்பியா, என்செம்பிள்ல, அதாவது கூட்டத்துல ஒருத்தியா, இருப்பியான்னு ஒரு கேள்வி வரும். அதுக்கு பதிலை அவகிட்ட கேட்டுட்டு எழுதுங்க, நீங்களா எழுதாதீங்க.

இதை முன்னாடியே பேசிடறதுக்கு காரணம் உங்க கடைசி கேள்விதான். வேஷம் கொடுக்கறப்ப பாட்டு மட்டும் பாக்கறதில்ல, ஆனியை தத்தெடுக்கற பணக்காரரா நடிக்கறவர் உயரம், பக்கத்துல நிக்கற பசங்க உயரம், ரெண்டு குரல் சேருதான்னு நூறு இருக்கு, அதுல பாதி அவ கைல இல்ல. ஆனியைத் தவிர அநாதை இல்லத்துல பேரோட ஆறு பொண்ணுங்க இருக்காங்க, சண்டைக்காரி பெப்பர் ஒருத்தி, எல்லாரையும் விட சின்னவ மாலி ஒருத்தி. அவளை உக்கார வச்சு அந்த ஆறு பேரோட கதையையும் இப்பவே சொல்லுங்க, உனக்கு யாரைப் பிடிக்கும்னு கேளுங்க. நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகளான பிராட்வேல ஆனியா முதல்ல நடிச்ச ஆண்ட்ரியா மெக்ஆர்டில் கதையும் சொல்லலாம். 1976ல கனெக்டிகட்ல குட்ஸ்பீட் ஆப்பரா ஹவுஸ்ல அந்த நாடகத்தை முதல் முதல்ல போட்டு பாத்தப்ப ஆனி வேஷம் வேற பொண்ணுக்குத்தான் போச்சு, ஆண்ட்ரியா இல்லத்து பொண்ணுங்கள்ல ஒருத்தி, அந்த பெப்பர் வேஷம்தான். ஆனிக்கு இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனம் வேணும்னு தோணினப்ப அந்தக் கூட்டத்துல இருந்து அவளை எடுத்து முன்னாடி நிறுத்தினாங்க, 1977ல பிராட்வேக்கு போய் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்கு நாமினேஷனும் வாங்கினா. உங்க பொண்ணுக்கும் அப்படி நடக்கும்னு சொல்லி ஆசை காட்டாதீங்க, சின்ன வேஷத்துல நிக்கற ஆளையும் யாராவது பாத்துகிட்டு இருக்காங்கன்னு அவளுக்கு புரிஞ்சா போதும்.

அன்னைக்கு உங்களை உள்ள விட மாட்டாங்க, வெளிய பெஞ்சுலதான் இருப்பீங்க. வார்த்தை மறந்தா லலலான்னு பாடிட்டு தொடரணும், சாரி சொல்லக் கூடாதுன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. கார்ல திரும்பி வரும்போது எப்படி பண்ணின, அந்த மேல் நோட் வந்துச்சா, மத்த பசங்க எப்படின்னு எதுவும் கேக்காதீங்க. பசிக்குதான்னு கேளுங்க. அவளா சொல்லுவா. யாருக்கு எந்த வேஷம்னு சொல்ற காஸ்ட் லிஸ்ட் பெரும்பாலும் ராத்திரி மெயில்ல வரும், முதல்ல நீங்க தனியா படிச்சிடுங்க, உங்க முகம் சரியானப்புறம் அவளை கூப்பிடுங்க. அழுதா அழட்டும், அடுத்த தடவை பாத்துக்கலாம்னு உடனே ஆரம்பிக்காம பக்கத்துல உக்காருங்க. பேர் இல்லைன்னா காரணம் கேட்டு டைரக்டருக்கு மெயில் போடாதீங்க. வேற வேஷம் வந்திருந்தா, ஃபார்ம்ல அவ என்ன சொன்னாளோ அதுபடி மறுநாளே பதில் போட்டுடுங்க.

பாட்டு எதுன்னு முடிவு பண்ணதும் பேரும் கீயும் எழுதி அனுப்புங்க, எந்த 16 பார் எடுக்கலாம்னு நான் குறிச்சு தர்றேன். அவளுக்கு பிடிச்சது பெப்பரா மாலியான்னும் மறக்காம எழுதுங்க.